சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் ஹார்மோன் ஊசி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற புதிய ஊசிகளைப் பற்றித் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே இருப்பதால், இந்த இதழின் மருத்துவப் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம். இங்கே இருப்பது பொது விளக்கம். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் பொறுப்பு.

எனக்கு வயது 61. ஓய்வு பெற்ற ஆசிரியர். பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாத்திரைகளால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.5-க்குக் கீழே இறங்கவில்லை. வாரம் ஒரு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். அது ஹார்மோன் மருந்து என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஸ்டீராய்டு போல உடம்பைக் கெடுத்துவிடுமா, டாக்டர்?
– வாசகர், மன்னார்குடி

ஸ்டீராய்டுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு எதுவும் இல்லை. 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்ட இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். அன்று முதல் கோடிக்கணக்கானவர்களின் உயிரைக் காத்துவருகிறது. உடலின் ஓர் உறுப்பு இரத்தத்தின் வழியாக இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் வேதிச் செய்தியையே ஹார்மோன் என்கிறோம். ஒவ்வொன்றின் வேலையும் வேறு என்பதால், ஒன்றின் பக்கவிளைவை மற்றொன்றின் மீது ஏற்றிப் பார்க்கக் கூடாது.

உங்கள் மருத்துவர் சொல்லும் ஊசி, குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்யும்படி உருவாக்கப்பட்டது. ஒரே அளவு குளுக்கோஸை வாய் வழியாகக் கொடுத்தால், இரத்தக் குழாயில் நேரடியாக ஏற்றுவதைவிட அதிகமான இன்சுலின் சுரக்கிறது என்பதை ஆய்வாளர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்தார்கள். உணவு வந்திருப்பதைக் கணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏதோ ஒன்று குடலில் இருக்க வேண்டும் என்று அதிலிருந்து ஊகித்தார்கள். அப்படிக் கண்டறியப்பட்டவற்றில் முக்கியமானவை இரண்டு: சிறுகுடலின் மேற்பகுதியில் சுரக்கும் ஜிஐபி, சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் சுரக்கும் ஜிஎல்பி-1.

ஜிஎல்பி-1 நான்கு வழிகளில் வேலை செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் குளுகோகான் என்ற ஹார்மோனை அடக்குகிறது. இரைப்பையிலிருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. மூளையில் பசியையும் நிறைவையும் உணரும் பகுதிகளைச் சென்றடைந்து, போதும் என்ற உணர்வைத் தருகிறது. சர்க்கரை உயர்ந்திருந்தால் மட்டுமே இன்சுலினைத் தூண்டுகிறது என்பதுதான் இதன் பெரிய பாதுகாப்பு. தனியாக எடுத்துக்கொண்டால் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழ்வது அரிது.

இயற்கையான ஜிஎல்பி-1 மருந்தாகப் பயன்படாததற்கு அதன் மிகக் குறுகிய ஆயுளே காரணம். டிபிபி-4 என்ற நொதி இரண்டு நிமிடங்களுக்குள் அதில் பாதியைச் சிதைத்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் விஷத்தில், ஜிஎல்பி-1 போலவே செயல்பட்டு இந்த நொதிக்கு எளிதில் சிதையாத ஒரு பொருளை ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். அதன் வழியாக வந்த எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினம் ஒருமுறை போடும் லிராகுளுடைடு, வாரம் ஒருமுறை போடும் டுலாகுளுடைடு, செமாகுளுடைடு ஆகியவை பின்னர் வந்தன. ஜிஎல்பி-1, ஜிஐபி இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது.

ஸ்டென்ட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மருத்துவர் இந்த ஊசியை நினைத்ததற்கு அதுவே முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும். இதய நோய் உள்ள, அல்லது அதற்கான வாய்ப்பு மிகுந்த 9,340 சர்க்கரை நோயாளிகளிடம் லிராகுளுடைடைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றின் மொத்த வாய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடம் செமாகுளுடைடைச் சோதித்த 2024 ஆய்வில், சிறுநீரகம் மோசமாகச் செயலிழப்பது போன்ற பெரிய விளைவுகள் 24 விழுக்காடு குறைந்தன. சர்க்கரை எண்ணைக் குறைக்கும் மருந்துகள் எல்லாமே இத்தகைய பயனைத் தருவதில்லை.

தொடங்குவதற்கு முன் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள். கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக உயர்ந்திருந்த சர்க்கரை திடீரென்று இறங்கும்போது, ஏற்கெனவே பழுதுபட்ட விழித்திரை சிலருக்கு மேலும் மோசமாகலாம். உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டாரையும் அடுத்த முறை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடைய பயத்துக்கும் மருத்துவர் நேரில் பதில் சொல்ல வேண்டும்.

கிளிப்டின் என்று முடியும் பெயருள்ள மாத்திரையை மெட்ஃபார்மினோடு சேர்த்துச் சாப்பிடுகிறேன். அதுவும் இந்த ஹார்மோனோடு தொடர்புடையது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். அப்படியானால் ஊசி எதற்கு?
– வாசகி, திருவாரூர்

மருந்துக் கடைக்காரர் சொன்னது சரி. சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் ஆகியவை நான் மேலே சொன்ன டிபிபி-4 நொதியைத் தடுத்து, உங்கள் குடலே சுரக்கும் ஜிஎல்பி-1 சற்று அதிக நேரம் நிலைத்திருக்கும்படி செய்கின்றன. ஊசியோ, இயற்கையான அளவைப் பல மடங்கு தாண்டிய விளைவை உண்டாக்குகிறது. அதனால்தான் மாத்திரையால் சர்க்கரை மிதமாகக் குறைகிறது, எடையில் மாற்றம் இருப்பதில்லை; ஊசியால் இரண்டும் குறைகின்றன. ஊசி தொடங்கினால் கிளிப்டினை நிறுத்திவிடுவது வழக்கம். இரண்டையும் சேர்த்து எடுப்பதில் கூடுதல் பயன் இல்லை.

ஆனால் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருந்து, எடையும் இதயமும் சிறுநீரகமும் தொல்லை தராமல் இருந்தால், விலை குறைந்த இந்த மாத்திரைகளே போதும். மெட்ஃபார்மின் ஹார்மோன் மருந்து இல்லை. ஊசி போடுபவர்கள்கூடப் பெரும்பாலும் அதைத் தொடர்கிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரைகளை, புதிய ஊசியைக் கேள்விப்பட்டதற்காக யாரும் ஒதுக்கிவைக்க வேண்டாம்.

என் மகளுக்கு வயது 24. உயரம் 160 செ.மீ., எடை 62 கிலோ. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் 'பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்' என்று சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அழகு நிலையத்தில் அறிமுகமான ஒருவர், நான்கு ஊசி போட்டால் எட்டு கிலோ குறைந்துவிடும், தானே வாங்கித் தருகிறேன் என்கிறார். போடலாமா, டாக்டர்?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. உங்கள் மகளுக்கு இந்த மருந்து தேவையில்லை.

நீங்கள் கொடுத்த கணக்குப்படி அவருடைய உடல் நிறை குறியீட்டெண், அதாவது எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண், 24.2. நம் நாட்டு மக்களுக்கு 23-ஐத் தாண்டினால் கவனம் தேவை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறோம்; வயிற்றுச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறோம். எடைக் குறைப்புக்காக இந்த ஊசிகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டிருப்பது குறியீட்டெண் 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு, அல்லது 27-க்கு மேல் இருந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற கோளாறுகளும் உள்ளவர்களுக்கு. உங்கள் மகள் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. ஆய்வுகளில் இந்த மருந்தின் பயனும் பக்கவிளைவும் கணக்கிடப்பட்டது அப்படிப்பட்ட உடல்களில்தான். உடல் பருமன் இல்லாத இளம்பெண்ணுக்குப் பயன் என்று எடுத்துக்காட்ட எதுவும் இல்லாதபோது, குமட்டலும் வாந்தியும் பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் வரக்கூடிய வாய்ப்பை அவர் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, திருமணத்தை ஒட்டிய காலம் என்பதால் மிக முக்கியமானது. கருவுற்றிருக்கும்போது இந்த ஊசிகளைப் போடக் கூடாது. செமாகுளுடைடு உடலை விட்டு முழுவதும் வெளியேற வாரக் கணக்கில் ஆகும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு, தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். தை மாதம் திருமணம் என்று வைத்துக்கொண்டு மார்கழி வரை ஊசி போடும் பெண்ணுக்கு இதை யார் எடுத்துச் சொல்லப்போகிறார்கள்? அழகு நிலையத்து அறிமுகம் சொல்ல மாட்டார்.

நான்கு ஊசியில் எட்டு கிலோ என்பதும் உண்மையில்லை. முதல் நான்கு வாரங்களுக்குக் கொடுக்கப்படும் அளவு உடலைப் பழக்குவதற்கான தொடக்க அளவே. அதற்குள் எட்டு கிலோ குறைய வேண்டுமானால், எடுத்த எடுப்பிலேயே மிகையான அளவை ஏற்றியிருக்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கைமாறும் ஊசியில் என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. போலி செமாகுளுடைடு பல நாடுகளில் பிடிபட்டதைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கையே வெளியிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகமாகக் கவலைப்பட வைத்தது அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்ற வரிதான். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி வளர்ச்சி உண்டா, இரத்தச் சோகை இருக்கிறதா என்று ஒரு பெண் மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி இருந்தால் அதற்குத் தனியான சிகிச்சை உண்டு. நிச்சயம் முடிந்த கையோடு வந்த அந்தச் சொல்லால் அவர் எவ்வளவு புண்பட்டிருக்கிறார் என்பதை அம்மாவாகிய நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம், 'எங்கள் பெண் ஆரோக்கியமாக இருக்கிறாள்' என்று சொல்லும் கடமையும் பெற்றோருக்கு உண்டு.

விவசாயம் செய்கிறேன். வயது 46, எடை 98 கிலோ, உயரம் 168 செ.மீ. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளோடு இப்போது செமாகுளுடைடு ஊசியும் போடுகிறேன். அளவைக் கூட்டியதிலிருந்து குமட்டல். இரண்டு நாள் வாந்தி. குறுவை நடவு நடக்கும் நேரம். பதினோரு மணி வெயிலில் வரப்பில் நிற்கும்போது தலை சுற்றி, கை நடுங்குகிறது. ஊசியை நிறுத்திவிடட்டுமா, ஐயா?
– வாசகர், பாபநாசம்

நீங்கள் இரண்டு தொல்லைகளை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு என்பதால் பிரித்துச் சொல்கிறேன்.

கை நடுக்கமும் தலைச்சுற்றலும் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் கிளிமிபிரைடு. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அது இன்சுலினைப் பிழிந்து வெளியேற்றும். ஊசியால் நீங்கள் பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறீர்கள், வயலில் வேலையும் செய்கிறீர்கள், மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. வாரா வாரம் போடும் ஊசியைத் தொடங்கும்போது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளையும் இன்சுலினையும் குறைக்க வேண்டியிருக்கும். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, நடுக்கம் வந்தால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிஸ்கட் வேண்டாம், உங்கள் இரைப்பை இப்போது மெதுவாகவே உணவை இறக்குகிறது, கரைந்த சர்க்கரைதான் விரைவில் இரத்தத்தில் சேரும். வயலுக்குப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

குமட்டல் இந்த மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. எடைக் குறைப்புக்குரிய முழு அளவில் செமாகுளுடைடைச் சோதித்த 2021 ஆய்வில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல் வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களில் 17 பேருக்கு. பெரும்பாலோருக்கு அது அளவைக் கூட்டும் வாரங்களில் வந்து பிறகு தணிந்துவிடுகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் வயலுக்குள் பாயாமல் மதகு அளந்து விடுவதைப் போல, உங்கள் இரைப்பையின் வாய் இப்போது உணவை அளந்து விடுகிறது. காலையில் இட்லி, பதினோரு மணிக்குப் பழைய சோறு, மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு என்ற நம் பக்கத்துச் சாப்பாட்டு முறை, அப்படிப்பட்ட வயிற்றுக்குப் பொருந்தாது. மூன்று முறை சோறு போட்டுக்கொள்வதை ஒரு முறையாக்கி, முதலில் காயும் மீனும் முட்டையும் பருப்பும், பிறகு கொஞ்சம் சோறு என்று வரிசையை மாற்றுங்கள். வயிறு நிறைந்தது என்று தோன்றிய கணத்தில் இலையில் மிச்சம் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். எண்ணெய்ப் பலகாரமும் சாப்பிட்டவுடன் படுப்பதும் குமட்டலைக் கூட்டும். இவ்வளவும் செய்து தணியாவிட்டால், மருத்துவர் முந்தைய அளவுக்கே திரும்பச் சொல்லலாம், அல்லது அளவைக் கூட்டுவதை இன்னும் சில வாரம் தள்ளிப்போடலாம். தொடங்கும் 0.25 மி.கி. அளவிலிருந்து படிப்படியாக ஏற்றுவதற்குக் காரணமே இதுதான். ஏற்றுவதில் அவசரம் காட்ட வேண்டியதில்லை.

வாந்தியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெயிலில் வேர்வையாகத் தண்ணீர் போய், அதற்கு மேல் வாந்தியாகவும் போனால், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைந்து அது திடீரெனப் பழுதாகலாம். டெல்டாவின் நடவு, அறுவடை நேரத்தில் இந்த மருந்தை எடுப்பவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் எச்சரிக்கை இதுவே. உப்புப் போட்ட மோர், நீர்த்த கஞ்சி, ஓஆர்எஸ் கரைசல் ஆகியவற்றை மிடறு மிடறாகக் குடியுங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; மெட்ஃபார்மினையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பரவும் கடும் வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அப்போது அடுத்த ஊசியைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆகவே நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் குறியீட்டெண் 34.7. இந்த மருந்தால் நன்மை பெறக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர்.

நாங்கள் சைவம். என் கணவர் ஊசி போட ஆரம்பித்து ஐந்து மாதத்தில் பத்து கிலோ குறைந்திருக்கிறார். ஆனால் தொடையும் தோளும் வற்றிப் போய், மாடிப்படி ஏற முடியவில்லை என்கிறார். தலைமுடியும் கொட்டுகிறது.
– வாசகி, திருவையாறு

எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. குறைந்த எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை முதலிய கொழுப்பற்ற பகுதியாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இழந்த தசையைத் திரும்பப் பெறுவது எளிதாக இல்லை. பிற்காலத்தில் கால் இடறி விழுவதற்கும் எலும்பு முறிவதற்கும் அது வழி செய்யும். முடி கொட்டுவது வேகமாக எடை குறைவதன் விளைவு. பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும்.

பசியே இல்லாத மனிதர் இரண்டு கரண்டி ரசஞ் சாதத்தோடு எழுந்துவிடுவார். அதில் புரதம் மிகக் குறைவு. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் வேறு கணக்குச் சொல்வார். சைவ உணவில் இதை எட்ட முனைப்பு வேண்டும். காலையில் பச்சைப்பயறு அடை, மதியம் சுண்டல் ஒரு கிண்ணம், கெட்டியான பருப்பு, தயிர், மாலையில் வேர்க்கடலை அல்லது பன்னீர், பால் என்று ஒவ்வொரு வேளையிலும் முதலில் சாப்பிடுவது புரதமாக இருக்கட்டும். காவிரிக் கரையில் நடப்பது நல்லது என்றாலும் தசைக்கு அது போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சிறிய எடையைத் தூக்கி இறக்குவது போன்ற பயிற்சிகளை வாரம் மூன்று நாட்களாவது செய்ய வேண்டும். அதையும் மீறித் தளர்ச்சி இருந்தால் அளவைக் குறைக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

ரமலான் மாதத்தில் நோன்பு வைத்துக்கொண்டு இந்த ஊசியைப் போடலாமா?
– வாசகர், கூத்தாநல்லூர்

பல மாதங்களாகப் போட்டு உடல் பழகியிருந்தால் பெரும்பாலும் தொடரலாம். நோன்பு திறந்த பிறகு இரவில் போட்டுக்கொள்ளுங்கள். ரமலானுக்குச் சில வாரங்களே இருக்கும்போது புதிதாகத் தொடங்குவதும், நோன்பு மாதத்தில் அளவைக் கூட்டுவதும் கூடாது. வாந்தி வந்தால் பகல் முழுவதும் தண்ணீர் அருந்தாமல் சமாளிக்க முடியாது. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால், ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவுகளை மாற்றிக்கொள்வது கட்டாயம். விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் உணவை விடாதீர்கள், நோன்பு திறக்கும்போது பொரித்த பலகாரங்களால் வயிற்றை நிரப்பாமல் நோன்புக் கஞ்சியைச் சிறிதளவில் தொடங்குங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். சிறுநீரகக் கோளாறு முற்றியவர்கள் நோன்பு வைப்பதற்கு முன் மருத்துவரிடமும் மார்க்க அறிஞரிடமும் கலந்து பேச வேண்டும்.

எங்கள் ஊரில் அடிக்கடி மின்சாரம் போகிறது. ஊசி மருந்து கெட்டுப்போகுமா?
– வாசகி, வேதாரண்யம்

பயன்படுத்தத் தொடங்காத ஊசிகளை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் அறையிலோ அதை ஒட்டியோ வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் பயன்படாது. மின்சாரம் சில மணி நேரம் போனால் கதவைத் திறக்காமல் விட்டாலே போதும். தொடங்கிய ஊசியை 30 டிகிரிக்குள் குறிப்பிட்ட சில வாரங்கள் வெளியில் வைக்கலாம். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே இருக்கும் தாளில் எழுதியிருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் நம் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது உங்கள் பகுதி நாட்கணக்கில் இருளில் கிடந்தது உங்களுக்கே தெரியும். அத்தகைய நேரத்தில், இன்சுலினுக்குச் செய்வது போல, ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, மருந்தைத் தண்ணீர் புகாமல் கட்டி அதனுள் வைக்கலாம். அது குளிர்பதனப் பெட்டிக்கு ஈடாகாது என்றாலும் வெயிலின் கடுமையிலிருந்து காக்கும். நிறம் மாறியோ துகள் மிதந்தோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

வயது 44, எடை 118 கிலோ இருந்தேன். சர்க்கரை இல்லை. தூக்கத்தில் மூச்சடைப்பு, முழங்கால் வலி. டிர்செபடைடு போட்டு ஏழு மாதத்தில் 104 கிலோவுக்கு வந்திருக்கிறேன். மூச்சடைப்பு குறைந்து நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் மாதம் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இத்தோடு நிறுத்திவிட்டால் குறைந்த எடை அப்படியே இருக்குமா?
– வாசகர், மயிலாடுதுறை

இல்லை என்றே உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், டிர்செபடைடை 36 வாரம் போட்டுச் சராசரியாக 20.9 விழுக்காடு எடை குறைந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அவர்கள் அறியாமல் மருந்தில்லாத ஊசியைக் கொடுத்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டில் இன்னும் 5.5 விழுக்காடு குறைந்தது; மருந்து நின்றவர்களுக்கு 14 விழுக்காடு கூடியது. செமாகுளுடைடை நிறுத்தியவர்களும் ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கு உங்களுடைய மன உறுதியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. உடல் தான் பழகிய எடையைக் காக்கப் போராடுகிறது. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்கிறது. நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்கிறது. ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறைகிறது. ஊசி இந்த எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிறது, நிறுத்தினால் எதிர்ப்பு மீண்டும் எழுகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதை யாரும் நோயாளியின் குற்றம் என்பதில்லை. உடல் பருமனையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இது நீண்ட காலச் சிகிச்சை. தொடங்கும் முன்பே பணத்தைப் பற்றி நோயாளியோடு வெளிப்படையாகப் பேசாத மருத்துவர் தம் கடமையில் பாதியைத்தான் செய்தவர் ஆகிறார்.

உங்களுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. எடை இறங்கி நிலைகொண்ட பிறகு, அதைத் தக்கவைக்கும் குறைந்த அளவில் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அளவு குறைந்தால் செலவும் குறையலாம். செமாகுளுடைடுக்கு இந்தியாவில் இருந்த காப்புரிமைக் காலம் 2026 மார்ச் மாதம் வரைதான் என்பதால், இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் விலை குறைந்த வகைக்கு மாறுவது பொருத்தமா என்றும் கேட்கலாம். மாற்றும்போது அளவு நேருக்கு நேர் பொருந்தாது. மருத்துவர் கணக்கிட்டே மாற்ற வேண்டும். செமாகுளுடைடு மாத்திரையாகவும் கிடைக்கிறது. காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காப்பிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் நாள் குறித்து, உடற்பயிற்சியும் புரத உணவும் நன்கு பழகிய பிறகு நிறுத்தி, வாரா வாரம் எடையைக் குறித்து, மூன்று கிலோ கூடினாலே மருத்துவரிடம் திரும்புங்கள். மூச்சடைப்பு மீண்டும் வருகிறதா என்று உங்கள் மனைவி கவனிக்கட்டும். பணத்தை மிச்சப்படுத்த ஊசியை மற்றவரோடு பங்கிட்டுக்கொள்வதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நீங்களே இடைவெளியை நீட்டுவதும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் செமாகுளுடைடு, டிர்செபடைடு உள்ளிட்ட மருந்துகளை, சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, கூடவே உடல் பருமனும் உள்ளவர்களுக்காக, இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மாரடைப்பு வந்த, சிறுநீரகம் தளர்ந்த ஏழை நோயாளிகளுக்காவது அரசு மருத்துவமனைகள் இந்த ஊசியைத் தர வேண்டும். வசதியுள்ளவர்கள் அழகுக்காகப் போட்டுக்கொள்ளும் மருந்து, உயிருக்காக வேண்டியிருப்பவரின் கைக்கு எட்டாமல் இருப்பது அநீதி.

உடற்பயிற்சிக் கூடத்தில் எடை குறைய என்று தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் ஹார்மோன் மருந்துதானே? சாப்பிட்டதிலிருந்து நெஞ்சு படபடக்கிறது.
– வாசகர், பட்டுக்கோட்டை

உடனே நிறுத்துங்கள். தைராய்டு குறைவு உள்ளவர்களுக்குத் தைராக்ஸின் உயிர்காக்கும் மருந்து. குறைவு இல்லாதவர் எடைக்காக அதை விழுங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், தசையும் எலும்பும் தேயும். குடல் ஹார்மோன் ஊசிகளோடு இதற்கு ஒற்றுமை ஏதும் இல்லை. எடைக் குறைப்புக்காக இதைக் கொடுக்கவே கூடாது. இன்றே ஒரு மருத்துவரிடம் சென்று இசிஜி எடுத்து, தைராய்டு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எஞ்சியிருக்கும் மாத்திரையை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன அளவு, எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.